அத்தைக்குக் கால் பங்கு

நம் சங்கத்துச் செயலாளர் மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "விஞ்ஞானமாகவும் இருக்கவேண்டும், விளங்கவும் வேண்டும்" என்று நிபந்தனை போட்டார். இவ்விரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கமாட்டா என்பது இலக்கியப் பிரிவு நண்பர்களின் நெடுநாளைய முடிவு போலும்! அவர்களுக்கு அஞ்சியே நான் ஆய்வுக்கூடத்தை விட்டுவிட்டு என் அத்தையிடமிருந்து தொடங்குகிறேன்.

கோவில்பட்டியில் எங்கள் வீட்டு முன்திண்ணையில் அத்தை இட்லிக் கடை நடத்துகிறாள். அப்பாவுக்கு ஒரே தங்கை. எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது அப்பா மீது லாரி மோதி, இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தார். எழுந்து நடக்க இரண்டு ஆண்டுகளாயின. அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனாள். அப்போது அத்தைக்கு 26 வயது. சாத்தூரில் ஒரு மாப்பிள்ளை பார்த்து, நிச்சயம் செய்ய நாளும் குறித்திருந்தார்கள். அத்தை, "எனக்குக் கல்யாணம் வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, கடனுக்கு ஒரு கிரைண்டர் வாங்கித் திண்ணையில் அடுப்பைப் போட்டாள். மாலையில் அந்தக் கிரைண்டர் உருளும் ஓசையில் அக்காவும் நானும் தம்பியும் வீட்டுப் பாடம் எழுதினோம். விடியலில் முதல் ஈடு வெந்து இறங்கும் மணத்தில் கண்விழித்தோம். எங்கள் குடும்பத்தில் யாராவது தியாகம் என்ற சொல்லை எடுத்தால், எல்லாருடைய கண்களும் அத்தையின் பக்கம் திரும்பும். அத்தை மட்டும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சென்ற ஆண்டு பரிணாமவியல் வகுப்பில் எங்கள் ஆசிரியர் கரும்பலகையில் மூன்றே மூன்று எழுத்துக்களை எழுதினார். உறவினருக்காக ஓர் உயிர் தன் நலத்தை விட்டுக்கொடுப்பது எப்படி உலகில் நிலைத்தது என்பதற்கு விடை அந்த மூன்றெழுத்தில் இருக்கிறது என்றார். எனக்கு உடனே திண்ணை நினைவு வந்தது.

இது பழைய புதிர். 1859-இல் வெளிவந்த தம் நூலில் டார்வினே இதன்முன் தயங்கி நிற்கிறார். வேலைக்கார எறும்பு முட்டையிடுவதில்லை. சந்ததியே இல்லாத ஒன்றின் குணம் அடுத்த தலைமுறைக்குப் போவது எப்படி? தேர்வு தனி உயிரின் மீது மட்டுமன்றிக் குடும்பத்தின் மீதும் நடக்கக்கூடும் என்று அவர் ஊகித்தார். சுவையுள்ள காயைச் சமைத்துத் தின்றுவிட்டாலும், தோட்டக்காரன் அதே இனத்து விதையைத்தானே மறுபடி ஊன்றுகிறான்! ஊகம் சரிதான், ஆனால் கணக்கு இல்லை. மரபணு என்ற ஒன்றை அறியாத காலம் அது.

கணக்கின் முதற்கோட்டைப் போட்டவர்களுள் ஒருவர் நம் நாட்டுக்கு வந்து, நம் நாட்டுக் குடிமகனாகவே மாறி, புவனேசுவரத்தில் உயிர்நீத்த ஜே. பி. எஸ். ஹால்டேன். 1957-இல் அவர் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1955-இல், ஒரு கட்டுரையில் இவ்வாறு எண்ணிப் பார்க்கச் சொன்னார். வெள்ளத்தில் ஒரு குழந்தை போகிறது. குதித்துக் காப்பாற்றத் தூண்டும் அரிய மரபணு ஒன்று உங்களிடம் இருக்கிறது. குதிப்பவர் பத்தில் ஒருவர் மூழ்குவார் என்று வைத்துக்கொள்வோம். குழந்தை உங்கள் சொந்தப் பிள்ளையோ உடன்பிறப்போ ஆனால், அதனிடமும் அந்த மரபணு இருக்கும் வாய்ப்புப் பாதி. எனவே ஒன்றை இழக்கும் இடத்தில் ஐந்து காப்பாற்றப்படும். உடன்பிறந்தார் பிள்ளையானால் ஆதாயம் இரண்டரை மடங்குதான். பெரியப்பா மகனோ மாமன் மகளோ ஆனால் ஆதாயம் மிகச் சொற்பம். அவர்களுடைய பிள்ளைக்காகக் குதித்தாலோ நட்டம்!

நம் பாட்டன்மார் திண்ணைப் பள்ளியில் உருப்போட்ட எண்சுவடியை இன்று யாரும் படிப்பதில்லை. படித்திருந்தால் இந்தப் பாடம் எங்களுக்கு அரைநாளில் முடிந்திருக்கும். அரை, கால், அரைக்கால், மாகாணி: ஒவ்வொன்றும் முன்னதில் பாதி. பெற்றோர், பிள்ளை, உடன்பிறப்பு அரை. அத்தை, மாமன், சித்தி, சித்தப்பா, அவர்களுக்கு நாம், எல்லாம் கால். அவர்கள் மக்கள் அரைக்கால். அந்த மக்களின் மக்கள் மாகாணி. ஹால்டேன் அடுக்கிய வரிசை இதுவே. "மனிதர் எல்லாருக்கும் பெரும்பாலான மரபணுக்கள் ஒன்றுதானே, பிறகென்ன அரையும் காலும்?" என்று சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பொறியியல் நண்பர் மடக்கினார். எல்லாரிடமும் இருப்பதை இங்கே எண்ணுவதில்லை. புதிதாக ஒருவரிடம் தோன்றிய அரிய மரபணு ஒன்று, ஒரே மூதாதை வழியாக இன்னொருவரிடமும் வந்திருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதே கேள்வி.

அந்தக் கட்டுரையிலேயே ஹால்டேன் மற்றொன்றும் சொல்கிறார்: தாம் இருமுறை நீரிலிருந்து ஆட்களை இழுத்துப் போட்டதாகவும், அப்போது இப்படிக் கணக்குப் போட நேரம் இருக்கவில்லை என்றும். எனக்கு அவரைப் பிடித்துப்போனது இதனால்தான்.

முழுக் கணக்கும் 1964 ஜூலையில் வந்தது. எழுதியவர் டபிள்யூ. டி. ஹாமில்டன், அப்போது அவருக்கு 28 வயதுகூட நிரம்பவில்லை. (இன்னும் ஆய்வுத் தலைப்பே முடிவாகாத நண்பர்கள் இவ்வரியைத் தாண்டிவிடலாம்.) அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் ஹால்டேன் மறைந்தார். ஹாமில்டனின் மூன்றெழுத்தைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: உறவுப் பங்கை, பெறுகிறவர் அடையும் ஆதாயத்தால் பெருக்கு, அது கொடுக்கிறவர் அடையும் நட்டத்தைவிட அதிகமானால், அந்தக் கொடைக்குணம் தலைமுறைதோறும் பெருகும். ஆதாயமும் நட்டமும் பணத்தில் அன்று, பிள்ளைகளின் எண்ணிக்கையில்.

வகுப்பில் ஆளுக்கொரு எடுத்துக்காட்டுடன் பேசவேண்டியிருந்தது. நான் அத்தையைக் கரும்பலகையில் ஏற்றினேன். நாங்கள் மூவர், ஆளுக்குக் கால், ஆக முக்கால். அத்தை மணம் செய்துகொண்டு இரண்டு பிள்ளை பெற்றிருந்தால், ஆளுக்கு அரை, ஆக ஒன்று. "எனவே என் அத்தை கால் பங்கு நட்டத்தில் இருக்கிறாள், ஹாமில்டன் விதியை வென்றுவிட்டாள்" என்று பெருமையோடு முடித்தேன். கைதட்டல்கூடக் கிடைத்தது.

ஆசிரியர் கைதட்டவில்லை. "உங்கள் அத்தை இல்லாவிட்டால் நீங்கள் மூவரும் செத்துப்போயிருப்பீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியானால் மூவரையும் அவர் கணக்கில் எழுத உமக்கு என்ன உரிமை? அவரால் கூடுதலாக என்ன விளைந்ததோ அதைத்தான் எழுதவேண்டும்." நான் பட்டதாரி ஆனதை எழுதலாமா என்றேன். பட்டம் பிள்ளையாகாது என்றார். பிறகு நட்டத்தின் பக்கம் எழுதியிருந்த எண்ணைச் சுட்டினார். "இந்த எண்ணை யாரைக் கேட்டு எழுதினீர்?"

யாரையும் கேட்கவில்லை. நட்டம் என்பது அத்தையின் வாழ்க்கை; அதை நானே மதிப்பிட்டு நானே எழுதியிருந்தேன்.

உறவுப் பங்கை அளந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்ற மயக்கம் எனக்கு மட்டும் உரியதன்று. எறும்பு, தேனீ, குளவி இனங்களில் கருவுற்ற முட்டை பெண்ணாகும். கருவுறாத முட்டை ஆணாகும். தந்தைக்கு இருப்பது ஒரே தொகுதி மரபணுக்கள். அதை அப்படியே எல்லா மகள்களுக்கும் கொடுத்துவிடுகிறான். ஆகவே உடன்பிறந்த பெண்களுக்குள் பங்கு அரை அன்று, முக்கால்! சொந்த மகளைவிடத் தங்கையே நெருக்கம். வேலைக்காரிகள் பிள்ளை பெறாமல் தங்கைகளை வளர்ப்பதற்கு இதைவிட அழகான காரணம் உண்டா? பல்லாண்டுகள் எல்லாரையும் இந்த முக்கால் மயக்கியது. கறையானில் ஆணும் பெண்ணும் நம்மைப் போலவே இரண்டு தொகுதி உடையவை என்பது நினைவிருந்தும் மயக்கியது.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கதக்கர் என்ற பேராசிரியர் தம் மாணவர்களோடு ரோபாலிடியா மார்ஜினேட்டா என்ற காகிதக் குளவியைப் பல்லாண்டுகள் உட்கார்ந்து பார்த்தார். நம் விடுதித் தாழ்வாரத்து மூலையில் சாம்பல் நிறத்தில் மூடியில்லாத அறைகளோடு தொங்குகிறதே, அந்தச் சாதிக் கூடுதான். அதில் அரசி என்று ஒன்று உண்டு. ஆனால் அது யாரையும் அதட்டாத சாதுவான அரசி. அதை அப்புறப்படுத்தினால், வேலைக்காரிகளுள் ஒன்று சிறிது நேரத்திற்குள் மூர்க்கமாகி, சில நாட்களில் தானே அரசியாகிவிடும். இந்தக் குளவியில் அரசி ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு கூடுகிறது. அரசிகளும் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். ஆகவே ஒரு வேலைக்காரி வளர்ப்பது தங்கையை மட்டுமன்று. தமக்கை மகளை, அவள் மகளை, இன்னும் தூரத்து உறவையெல்லாம். அளந்து பார்த்தால் பங்கு முக்காலும் இல்லை, அரையும் இல்லை, அதற்கும் கீழே.

ஆயினும் கூட்டில் இருந்து உழைக்கிறது. ஏன்? தனியே போய்க் கூடு கட்ட அதற்குத் தடையில்லை. சில போகவும் செய்கின்றன. ஆனால் தனித்துப் போனது தன் புழு வளர்ந்து குளவியாகுமுன் செத்துப்போனால் உழைப்பத்தனையும் வீண். கூட்டிலிருந்து பாதி வளர்த்துவிட்டுச் செத்தால், மீதியை இன்னொன்று வளர்த்துவிடும். இன்னொன்றும் கண்டார்கள். புதிதாகப் பிறந்த பெண் குளவிகளைத் தனித்தனிக் கூண்டில் வைத்து, வேண்டிய தீனியும் கொடுத்துப் பார்த்தால், ஏறக்குறையப் பாதிதான் முட்டையிட்டன. ஆகவே கூட்டில் தங்கிவிட்ட எல்லாக் குளவிகளுக்கும் நட்டம் ஒரே அளவன்று. ஒன்றுக்கு இழக்க நிறைய இருந்திருக்கும். பக்கத்தில் இருப்பதற்கு ஒன்றுமே இருந்திராது. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு இரண்டும் ஒரே மாதிரி உழைக்கின்றன.

இதைப் படித்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, ஒருநாள் பிற்பகல் அத்தை மாவரைக்க உட்கார்ந்ததும் நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நேரே கேட்கத் தைரியமில்லாமல் பங்குக் கணக்கிலிருந்து தொடங்கினேன்.

"விஞ்ஞானத்திலே உங்களுக்குக் கால் பங்கு போட்டிருக்கு, அத்தை."

"கால்னா?"

"ரூபாயிலே நாலணா."

"உங்க அம்மாவுக்கு?"

"எட்டணா."

"அது சரி, பெத்தவ." உளுந்தைத் தள்ளிவிட்டுக்கொண்டே சற்று யோசித்தாள். "உங்க சித்திக்கு?"

"அவங்களுக்கும் நாலணாதான்."

அத்தை கிரைண்டரை நிறுத்திவிட்டாள். "தீவாளிக்குத் தீவாளி வந்து பலகாரம் தின்னுட்டுப் போறவளுக்கும் எனக்கும் ஒரே நாலணாவா? எவன்டா உனக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தவன்?"

மார்ஷல் சாலின்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலறிஞர் இதே கோபத்தை 1976-இல் ஒரு சிறு நூலாகவே எழுதியிருக்கிறார். உலகில் எந்தச் சமூகமும் உறவை இந்தப் பின்னங்களின்படி வகுத்துக்கொள்ளவில்லை என்பது அவர் வாதம். நம்மையே பார்க்கலாம். சித்தி நமக்குத் தாய் முறை, அத்தை அப்படியன்று. சித்தி மகள் தங்கை, அத்தை மகளோ முறைப்பெண். இருவருக்கும் ஹாமில்டன் கொடுப்பது அதே அரைக்கால். பின்னமே எண்ணத் தெரியாத மக்கள் இந்தக் கணக்கைப் போடுவது எப்படி என்றும் சாலின்ஸ் கேட்டார். நத்தை தன் ஓட்டைக் கணித விதிப்படி சுருட்டிக் கட்டுகிறது, அது மடக்கை அட்டவணையைப் பார்த்தா கட்டுகிறது என்று ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1979-இல் பதிலளித்தார். எனக்குப் பதில் சரி என்றே படுகிறது. கணக்கைத் தேர்வு போடுகிறது. உயிர்களுக்கு ஏதோ ஓர் எளிய அடையாளம் போதும். தன் கூட்டில் வாய்பிளப்பது தன் குஞ்சு என்பது காக்கையின் அடையாளம். அதைத் தெரிந்துகொண்டுதான் குயில் அங்கே முட்டையிடுகிறது. மனிதர்களைப் பற்றி 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உடன்பிறப்புப் பாசத்துக்கு இரண்டு அடையாளங்கள் தெரிந்தன: பிறந்த குழந்தையைத் தன் தாய் மடியில் வைத்துப் பேணுவதைப் பார்த்தது; ஒரே வீட்டில் எத்தனை ஆண்டு சேர்ந்து வாழ்ந்தோம் என்பது. அத்தைக்கும் சித்திக்கும் மரபணுக் கணக்கு ஒன்றாக இருந்தாலும், பதினேழு ஆண்டுத் திண்ணைக் கணக்கு ஒன்றாகாது. அத்தையின் கோபம் விஞ்ஞானத்துக்கு விரோதமில்லை என்று நான் விளக்கிச் சொன்னேன். அவள் சமாதானம் அடைந்ததாகத் தெரியவில்லை.

பிறகுதான் கேட்டேன். "எங்களுக்காகத்தானே அத்தை, கல்யாணம் வேண்டாம்னு சொன்னீங்க?"

அத்தை சிரித்துவிட்டாள். "யாரு சொன்னா? அந்தச் சாத்தூர் மாப்பிள்ளையை எனக்குப் பிடிக்கலை. அவன் ஆத்தா வந்து, சந்தையிலே மாட்டைப் பார்க்கிற மாதிரி என்னைச் சுத்திச் சுத்திப் பார்த்தா. எப்படிடா வேண்டாங்கிறதுன்னு இருந்தேன். உங்க அப்பன் விழுந்தது எனக்கு ஒரு சாக்கு."

எங்கள் குடும்பத்தின் தியாகக் காவியம் அந்த நிமிடத்தில் இடிந்து விழுந்தது. நட்டம் சுழியம்! கரும்பலகையில் நான் எழுதிய எண்ணை அழிக்கவேண்டியதுதான் என்று எண்ணி நானும் சிரித்தேன். அத்தை மாவை வழித்துப் பாத்திரத்தில் போட்டாள். உப்பைப் போட்டுக் கையால் கலந்தாள். கலந்துகொண்டே, என்னைப் பாராமல், இரண்டாவது ஒன்றையும் சொன்னாள்.

கடை தொடங்கி மூன்றாம் ஆண்டு. அப்பா எழுந்து நடக்கத் தொடங்கியிருந்தார். காலை முதல் பஸ்ஸின் கண்டக்டர் ஒருவர் நாள்தோறும் ஐந்தரை மணிக்குக் கடைக்கு வருவாராம். நான்கு இட்லி, சில்லறை சரியாகக் கொடுப்பார், அதிகம் பேசமாட்டார். அவர் தம் தமக்கையை அனுப்பி எங்கள் ஆச்சியிடம் பெண் கேட்டிருக்கிறார். ஆச்சி, "அவளுக்குக் கல்யாணத்திலே இஷ்டமில்லை, முன்னாலேயே ஒண்ணை வேண்டாம்னுட்டா" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அத்தையிடம் ஒரு சொல் சொல்லவில்லை. அவர் கடைக்கு வருவது நின்றது. வழித்தடம் மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது என்று அத்தை நினைத்துக்கொண்டாளாம். அவருக்கு வேறிடத்தில் மணமான பிறகுதான் அந்தத் தமக்கை வழியாக விஷயம் தெரிந்தது.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"கேட்கலையே" என்றாள் அத்தை.

விடுதிக்குத் திரும்பியதும் ராபர்ட் டிரிவர்ஸ் 1974-இல் எழுதிய கட்டுரையை எடுத்துப் படித்தேன். வகுப்பில் அதை ஒரு மணி நேரத்தில் தள்ளிவிட்டோம். ஹாமில்டன் விதியை ஒரே குடும்பத்தில் இருவர் இருவிதமாகப் படிப்பார்கள் என்பது அவர் கருத்து. தாய்க்கும் சேய்க்கும் இடையே பால்மறக்கும் காலத்தில் நடக்கும் போராட்டத்தை எடுத்துக்காட்டாகக் கூறுவார். ஆச்சியின் கண்ணால் பார்த்தால், மகன் பிள்ளையும் கால், மகள் பிள்ளையும் கால். மகளுக்குப் பிறக்க இருந்த ஒன்று போய், மகன் பக்கத்தில் ஒன்றுக்குச் சற்று மேல் கிடைத்தாலே ஆச்சிக்கு ஆதாயம். அத்தையின் கண்ணுக்கோ தன் பிள்ளை அரை, அண்ணன் பிள்ளை கால். ஒன்றுக்கு ஈடாக இரண்டுக்கு மேல் கிடைத்தால்தான் அவளுக்குக் கட்டும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே ஒரு வெளி இருக்கிறது. அதில் ஆச்சிக்கு ஆதாயமானது அத்தைக்கு நட்டம். அந்தக் கண்டக்டரின் தமக்கை வந்து நின்ற வாசல் அந்த வெளியில் இருந்தது.

ஆச்சி மரபணுவை எண்ணி அப்படிச் செய்தாள் என்று நான் சொல்லவரவில்லை. ஆச்சி எண்ணியது அப்பாவின் மருந்துச் செலவையும், அக்காவின் பள்ளிக் கட்டணத்தையும், கிரைண்டருக்கு வாங்கிய கடனையும். அவளிடம் இருந்தது அச்சம். காக்கையிடம் இருக்கும் அடையாளம் போல அதுவும் ஒன்று. நாங்கள் மூவரும் அந்த அச்சத்தின் பயனைத் தின்று வளர்ந்தோம். ஹால்டேனின் கதையில் குதித்தவன் தானே குதிக்கிறான். கரையில் நின்ற தாய் பின்னாலிருந்து தள்ளிவிட்டாலும், எண்ணிக்கையில் அதே விடைதான் வரும். மரபணுவுக்கு இரண்டும் ஒன்று. அத்தைக்கு ஒன்றா என்பதைச் சொல்ல அந்த மூன்றெழுத்தில் இடமில்லை.

ஆச்சி காலமாகி நான்கு ஆண்டுகளாகின்றன. அவளிடம் கேட்க முடியாது. அப்பா இப்போது நன்றாக நடக்கிறார். விடியற்காலையில் அத்தை ஈடு இறக்க, பக்கத்தில் நின்று பார்சல் கட்டுவது அவர்தான். சாம்பார்ப் பொட்டலத்துக்கு நூல் சுற்றுவதில் அவரைப் போல் விரைவு யாருக்கும் வராது. ஒருவருக்கொருவர் அதிகம் பேசிக்கொள்ளமாட்டார்கள். அத்தை கையை நீட்டினால் அப்பா அடுத்த தட்டை எடுத்துக் கொடுப்பார். அந்தத் தமக்கை வந்து போனது அப்பாவுக்கு அன்றே தெரியுமா, தெரியாதா? அன்று அவர் வீட்டுக்குள்தான் இருந்திருக்கிறார். அதிக தூரம் நடக்க அப்போது முடியாது. பொங்கல் முடிந்து இரயிலேற்றிவிட வந்தபோது கேட்க வாயெடுத்தேன். வண்டியில் குடிக்கத் தண்ணீர் வைத்திருக்கிறாயா என்று அவர் கேட்டார். வைத்திருக்கிறேன் என்றேன்.